திறக்காமல் வார்த்த கடிதம்

ஒக். 9, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். பெய்யவும் இல்லை, வெளிக்கவும் இல்லை. ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசினுக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. ஈரக்காற்றுப் பட்டால் மேலே பாலாடை மாதிரி படிந்துவிடும். சனிக்கிழமை ஊற்றிய ஆறு கீ டேக்கில் நாலு அப்படியே போயிற்று.

இந்த வாரம்:
– நிக்காஹ் மோதிரத் தட்டு, ரோஸ் நிறம், பின்தெருப் பெண்ணுக்கு. ஞாயிறுக்குள்.
– கையுறை வாங்க.
– சிலிக்கன் எவ்வளவு மிச்சம், பார்க்க.
– குசினி பைப் ஒழுகுகிறது. இவரிடம் மூன்றாம் தரம் சொல்ல.

அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வந்தார், என் ஒரே அக்கா. கரைத்தீவிலிருந்து புத்தளம் பஸ்ஸில். அபாயாவின் கீழெல்லாம் சேறு. வந்தும் வராததுமாக என் மேசையைப் பார்த்து, இந்தக் குப்பைக்குள் எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று ஒரு பாட்டம். எனக்கு இருபத்தெட்டு வயது. ராத்தாவுக்கு நான் இன்னும் "சின்னவ"தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

சேதி: மன்னாரில் வீடு கட்டி முடிந்துவிட்டதாம். அடுத்த வியாழன் லொறி. குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். தொண்ணூறில் எங்களை அங்கிருந்து விரட்டியபோது நான் கைப்பிள்ளை. எனக்கு மன்னார் என்பது ராத்தா சொன்ன ஊர், அவ்வளவுதான். நல்லது என்றேன். நல்லதாகப் படவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய ஒன்றை எடுத்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. உம்மாவின் கடைசிக் கடிதம். நீல ஏர்மெயில் தாள்.

உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு மூன்று வயது, ராத்தாவுக்குப் பதின்மூன்று. ஒரு வருடத்தில் அங்கேயே மௌத்து. அங்கேயே அடக்கம். எங்களுக்குப் போய் நின்று ஓத ஒரு கப்ரும் இல்லை. மற்றக் கடிதங்கள் அகதி முகாமில் எங்கள் கொட்டில் எரிந்தபோது போயின. மிஞ்சியது பாஸ்போட் படம் ஒன்று, இது ஒன்று.

மடிப்பு மடிப்பாக விண்டு நிற்கிறது. உப்புக் காற்று தின்ற மீதி. போன வாரம் அலுமாரிக்குள் கூரைத் தண்ணீர் வேறு இறங்கி ஒரு மூலை நனைந்திருக்கிறது. நான் மல்லிகைப் பூ வைத்து வார்த்த தட்டைக் கையில் எடுத்து ராத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குள் வைத்தால் பழுதாகாதா என்று கேட்டார். கியாம நாள் வரைக்கும் அப்படியே இருக்கும் என்றேன். என் வாய்.

"அப்ப இதையும் போட்டுத் தா. இப்பிடியே, மடிச்சபடி. திறக்க வாணாம்."

ஏன் என்று கேட்டேன். திறந்தால் கிழியும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பைப்பைப் பார்த்தார்.

நான் இதை வாசித்ததே இல்லை. சின்ன வயதில் கேட்டு அழுதால், "உம்மா ஒவ்வொரு கடுதாசியிலயும் ஒன்னத்தான் கேட்டு எழுதுவா" என்று சொல்லி அலுமாரியைப் பூட்டிவிடுவார். உம்மாவின் முகம் ராத்தாவுக்குத்தான் ஞாபகம், குரலும் ராத்தாவுக்குத்தான், கையெழுத்தும் ராத்தாவுக்குத்தான். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், போகட்டும்.


ஒக். 10, செவ்வாய்

கடிதத்துக்கு என்னிடம் அளவான அச்சு இல்லை. மடித்தபடி என் விரித்த கையை விடக் கொஞ்சம் பெரிது. புது அச்சு செய்ய வேண்டும்.

முறை: நமக்கு எந்த வடிவம் வேண்டுமோ அந்த வடிவத்தில் ஒரு கட்டை. அதைச் சுற்றிப் பெட்டி. மேலே சிலிக்கன் ஊற்று. இறுகினதும் கட்டையை உருவு. கட்டை இருந்த குழிதான் அச்சு. எழுத எவ்வளவு லேசு.

பலகைத் துண்டில் கட்டை. பெட்டி மூலைகளில் சிலிக்கன் கசியாமலிருக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் களிமண் வைத்து அடைத்தேன். ஏ போத்தல், பி போத்தல், சரிக்குச் சரி, தயிர்ப் பதம் வரக் கலக்கி ஊற்றியாயிற்று. ஆறு மணித்தியாலம்.

பொழுதுபட, மஃரிபுக்கு முன் பார்த்தால் களிமண் பட்ட இடமெல்லாம் இறுகவே இல்லை. மூக்குச்சளி மாதிரி. அந்தக் களிமண்ணில் உள்ள ஏதோ ஒன்று இந்தச் சிலிக்கனுக்கு ஆகாதாம், பிறகுதான் தேடிப் பார்த்தேன். மற்ற இடத்தில் பலகையின் வரி ஒவ்வொன்றும் அச்சில் ஏறியிருக்கிறது. சிலிக்கனுக்கு ஒளிக்க ஏலாது. மயிர் ஒன்று கிடந்தாலும் அதையும் பிடித்துக்கொள்ளும்.

முழுவதும் வீண். இவர் வந்து பார்த்து, களி கிண்டினாயா என்று கேட்டார்.


ஒக். 12, வியாழன்

வெயில்! உடுப்பெல்லாம் காய்ந்தது.

கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடித் துண்டுகள் வெட்டிவித்து, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கட்டை. பெட்டி மூலைக்குச் சூட்டுப் பசை. இரண்டாவது அச்சு நேற்று ஊற்றி இன்று கழற்றினேன். மாஷா அல்லாஹ். உள்பக்கம் தண்ணீர் மாதிரிப் பளபளப்பு.

சோதனை ஊற்றல், சின்ன அச்சுகளில் மூன்று:
1. கல்பிட்டிக் கடற்கரை மண்ணும் நீலமும். நன்று. ஹோட்டல்காரர்களுக்குக் காட்டலாம்.
2. உப்பளத்து உப்புக் கல். வைரம் மாதிரி நிற்கும் என்று நினைத்தேன். உப்பு இழுத்துவைத்திருந்த ஈரம் ரெசினைப் புகைமூட்டமாக்கிவிட்டது. புத்தளத்துக் கழுதை மூளை எனக்கு.
3. கலியாண அழைப்பிதழ்த் துண்டு. அருமை. எழுத்து அச்சடித்தாற்போல் நிற்கிறது.

மூன்றாவதைப் பார்த்த பிறகு துணிவு வந்தது. காகிதம் பிரச்சினை இல்லை.

ராத்தா கோல் எடுத்தார். கட்டிய பெட்டிகளின் கணக்கு, சட்டி பானைக் கணக்கு, மச்சானின் முழங்கால். கடைசியில், போட்டாயா என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன்.


ஒக். 13, வெள்ளி

ஜும்ஆ நேரம் வீடு அமைதி. கொழும்பில் எனக்கு ரெசின் அனுப்புகிற மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்தேன், எதற்கும் ஒரு வார்த்தை கேட்போமென்று. கேட்டது நல்லது. கேட்டும் என்ன.

அழைப்பிதழ் வழவழப்புப் பூசிய மட்டையாம், அதனால்தான் தப்பியதாம். சாதாரணத் தாள் ரெசினைக் குடிக்குமாம். எண்ணெய் பட்ட பாண் தாள் மாதிரி ஊடுதெரியத் தொடங்கிவிடுமாம். முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு தரம் பூசிக் காயவிட வேண்டும். வெளியே மட்டுமா என்று கேட்டேன். உள்ளேயும், ஒவ்வொரு மடிப்பிலும் என்றார்.

அப்படியென்றால் திறக்க வேண்டும்.

உடனே ராத்தாவுக்குச் சொன்னேன். காரணத்தோடு, பொறுமையாக, மிஸ் சொன்னபடி. நான் வாசிக்க மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு பூசுகிறேன் என்று பகிடியும் விட்டேன்.

"சொன்னது வெளங்கல்லியா ஒனக்கு? திறக்க வாணாம். ஏலாட்டித் திருப்பித் தா."

வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைப் பெற்ற உம்மா இல்லையா அது? நான் என்ன தெருவில் போகிறவளா? ஒரு முறை திறந்து பார்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம்தான், ஒன்றும் தெரியவில்லை. மூக்கில் வைத்து மணந்தேன். உம்மாவின் மணம் இல்லை. அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டை மணம்.

திறக்கவில்லை. அல்லாஹ் சாட்சி, திறக்கவில்லை. என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கலியாணம் முடித்துத் தந்தவர் ஒரே ஒரு காரியம் வேண்டாம் என்கிறார். சரி, வேண்டாம்.

வெளியே மட்டும் மூன்று பூச்சு. ஓரங்களில் நாலாவதும். அடைபட்டுவிடும் என்றுதான் நினைக்கிறேன். வெளிப்பக்கத்தை ஃபோனில் படமும் எடுத்தேன்: முன்பக்கம், விலாசம் மட்டும். உம்மாவின் கையால் ராத்தாவின் பெயர்.


ஒக். 14, சனி

ளுஹர் தொழுதுவிட்டு ஊற்றினேன். வெயில் நாள், யன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி. பிஸ்மி சொல்லி.

முதல் படை விரல் நகத்தளவு. இரண்டரை மணித்தியாலம் பொறுத்து, பிசின் மாதிரி ஆனதும் கடிதத்தை வைத்தேன். மேலே இரண்டாவது படை, நூல் மாதிரி மெதுவாக. நீலம் அப்படியே நின்றது. எவ்வளவு வடிவு!

ஒரு மூலையிலிருந்து குமிழி. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று, வரிசையாக. மழைத் தண்ணீர் பட்ட அந்த மூலை. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். உள்ளே இருந்த காற்று போகிறது, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டேன். விசரி. காற்று வெளியே வந்தால் அந்த இடத்துக்குள் என்ன போகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

(மேலே கடைசி மூன்று வரி ஞாயிறு எழுதியது.)

மோதிரத் தட்டும் இன்றே ஊற்றினேன். சோறு குழைந்துவிட்டது.


ஒக். 15, ஞாயிறு

விடிய, சுபஹுக்குப் பிறகு அச்சைக் கழற்றினேன்.

பழுதாகிவிட்டது.

எழுத ஏலவில்லை. பிறகு.

பிற்பகல்.

ரெசின் உள்ளே போயிருக்கிறது. அந்த மூலையால் போய் மடிப்புகளுக்குள் பரவி, தாள் முழுவதும் குடித்துவிட்டது. தாள் இப்போது தாளே இல்லை, நீலக் கண்ணாடி. மூன்று மடிப்பின் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று, நேராகவும் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும். குமிழ்முனைப் பேனா மை வேறு இளகிப் பரவியிருக்கிறது. அவ்வளவு எழுத்து, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மீன் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி.

சுரண்ட ஏலாது. சூடாக்கினால் தாள் கருகும். மிஸ்ஸிடம் கேட்டேன். "ஒண்டும் செய்ய ஏலாதும்மா" என்றார். நல்ல மனுசி, உள்ளே பூசினாயா என்று கேட்கவில்லை.

அழுதேன். முகத்தைக் கழுவினேன். திரும்ப அழுதேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாம். ஆனால் வேறு எங்கே சொல்ல.

ஓரத்தில் ஒட்டுகிற நாக்கு மாதிரி ஒரு பகுதி. அங்கே ஒரே தாள்தான், வேறு எழுத்து மேலே விழவில்லை. உள்பக்கத்து எழுத்து அதில் இடம்வலம் மாறித் தெரிகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தூக்கிப் பிடித்து, குமிழி எவ்வளவு என்று பார்க்கும்போது கண்ணாடியில் நேராகத் தெரிந்தது.

சின்னவளப் பத்தி இனி எழுதாத மகள்

அவ்வளவுதான். அடுத்த வரி மடிப்புக்குள் போய்விடுகிறது.

நாலைந்து தரம் பார்த்தேன். அதேதான்.


ஒக். 16, திங்கள்

மழை. நல்ல மழை, பைப்பும் சேர்ந்து.

மோதிரத் தட்டு ஒரு நாள் பிந்திக் கொடுத்தாயிற்று. பெண்ணின் உம்மா கையில் வாங்கி ஆசையாகத் தடவிப் பார்த்து, உங்களுடைய கையில் பரக்கத் இருக்கு என்றார். சிரித்தேன்.

ராத்தா மூன்று தரம் அழைப்பு. எடுக்கவில்லை.

அப்படி என்ன செய்தேன் நான்? நாலு வயதுப் பிள்ளை. எதற்காக என்னைப் பற்றி எழுத வேண்டாம்? வேண்டாத பிள்ளையா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டு எழுதினார் என்றது பொய்யா? இருபத்து நாலு வருடம் ராத்தா என் தலையைத் தடவிச் சொன்ன பொய். அதற்குத்தான் பூட்டு, அதற்குத்தான் திறக்க வேண்டாம். இப்போது விளங்குகிறது.

ஒரு பக்கம் கடிதத்தைக் கெடுத்த குற்றம். மறுபக்கம் வாசித்த ஆத்திரம். ஆத்திரம் வந்தால் குற்றம் மறக்கிறது, அது மட்டும் லாபம்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த இவரிடம் பாதியைச் சொன்னேன். பழுதானதை மட்டும். அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது. இவர் ரெசின் கட்டியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

"நாளைக்கு நான் கொண்டுபோய் விடுறன். நீயே சொல்லு. வியாழக்கிழம லொறியில ஏறுற நேரம் சொல்லிராத."

சரி.

சின்ன வெங்காயம், பருப்பு, சவர்க்காரம்.


ஒக். 17, செவ்வாய்

கரைத்தீவு. இவரின் திரீவீலில் போய் இறங்கினேன். இவர் உள்ளே வராமல் பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார். மச்சான் சாமான் கட்டக் கயிறு வாங்க டவுனுக்கு. வீடு முழுக்கப் பெட்டி. கதிரைகளெல்லாம் கவிழ்த்துக் கட்டியாயிற்று. பாயில்தான் இருந்தோம்.

வழியெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். ஒன்றும் உதவவில்லை. துவாயை விரித்துக் கட்டியை மடியில் வைத்தேன். பழுதாகிவிட்டது ராத்தா, மன்னியுங்கள் என்றேன்.

ராத்தா பார்த்தார். கோபிப்பார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். விரலால் மேலே தடவினார். வழவழப்பைத்தான் தடவ முடியும், தாளைத் தொட ஏலாது. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"வாசிச்சியா?"

ஒரு வரி என்றேன். எந்த வரி என்று கேட்கவில்லை. என் முகத்தில் இருந்திருக்கும். நானும் அடக்க ஏலாமல் கேட்டுவிட்டேன், உம்மாவுக்கு நான் வேண்டாமா என்று. இருபத்தெட்டு வயதுப் பொம்பிளை கேட்கிற கேள்வியா?

ராத்தா என் கையைப் பிடித்தார். அடுத்த வரியைச் சொன்னார், பார்க்காமல், குர்ஆன் மனனம் சொல்கிற மாதிரி.

"சின்னவளப் பத்தி இனி எழுதாத மகள். எழுதினா எனக்கு இஞ்ச வேல செய்ய ஏலாது. கை ஓடுதில்ல. எசமாட்டி ஏசுறா."

இதை ஏன் ஒளித்தீர்கள் ராத்தா, இதை நான் நெஞ்சில் வைத்துக்கொண்டு வளர்ந்திருப்பேனே என்றேன். அழுகையும் சிரிப்புமாக.

ராத்தா அழவில்லை. மெல்லிய குரலில் சொன்னார்.

"நான் எழுதிட்டன்."

விளங்கவில்லை எனக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இந்தக் கடிதம் வந்த கிழமை எனக்குக் காய்ச்சல். முகாமில் பல பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல், இரண்டு பிள்ளை மௌத்தும் ஆகியிருக்கிறது. என்னை ஆஸ்பத்திரியில் போட்டிருந்ததாம். வாப்பா கல்பிட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போய் இருந்தாராம். பதினாலு வயதுப் பிள்ளை, தனியே, என் கட்டிலுக்குப் பக்கத்தில். பயத்தில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உம்மாவுக்கு எழுதினாராம். சின்னவள் உம்மா உம்மா என்று கத்துகிறாள், கண் திறக்கிறாளில்லை, நீங்கள் வாருங்கள் என்று. நான் சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு, உம்மா மாடிப்படியில் விழுந்து மௌத்தென்று செய்தி வந்ததாம்.

"எழுதாத எண்டு சொன்னா. எழுதிட்டன். அத வாசிச்சிட்டுத்தான்… படியப் பாத்திருக்க மாட்டா. தலை சுத்தியிருக்கும். இல்லாட்டி…"

அந்த "இல்லாட்டி"யை இருபத்து நாலு வருடம் தனியே வைத்திருந்திருக்கிறார். கடிதத்தை அன்று மடித்ததுதானாம், பிறகு திறக்கவே இல்லையாம். எறியவும் மனமில்லை, பார்க்கவும் தைரியமில்லை. ரெசினுக்குள் போனால் யாரும் இனித் திறக்க ஏலாது என்றுதான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

உங்களுடைய பிழை இல்லை என்று சொன்னேன். அதை அவரே ஆயிரம் தரம் தனக்குச் சொல்லியிருப்பார், அதில் ஒன்றும் அசையவில்லை. என் காய்ச்சல்தானே காரணம் என்றேன். பேசாதே என்று வாயில் தட்டினார். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை இதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போகப்போகிறார், அங்கேயும் ஒரு அலுமாரிக்குள் வைக்கப்போகிறார்.

நீங்கள் எழுதிப் போட்டு எத்தனை நாளில் செய்தி வந்தது என்று கேட்டேன். இருபது, இருபத்தைந்து நாள் இருக்கும் என்றார்.

நான் கட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராத்தா என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்.

"முத்திர. குவைத்தில குத்தினது ஒண்டு, இஞ்ச புத்தளத்தில குத்தினது ஒண்டு. இது வந்து சேர முப்பத்தெட்டு நாள் எடுத்திருக்கு ராத்தா. போகவும் அவ்வளவு நாள்தானே, அப்ப உங்கட கடுதாசி போய்ச் சேர முந்தியே உம்மா மவுத்து."

"மெய்யா?"

"ஓம், மெய். இந்தா இருக்கு."

என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் கட்டுப்பட்டுவிட்டது, நீயே பார்த்துச் சொல்லு என்றார். இரண்டு திகதியையும் வாசித்தேன், நாளோடு மாதத்தோடு. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதே திகதிகளைத் திரும்பச் சொன்னேன், மாறிவிடாமல். ராத்தா கட்டியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அழுதார், பதினாலு வயதுப் பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து.

முத்திரை குத்திய இடத்தில் மை கரைந்து ஒரு நீல வட்டம். அதில் ஒரு எண்ணும் இல்லை.